இறக்கம் மறைத்துவைக்கும் கோளாறு

நீலகிரியில் ஒருவர் தன் பழைய சரக்கு வண்டியை இரவில் எந்தத் திசை பார்த்து நிறுத்துகிறார் என்று கவனித்தாலே வண்டியின் உடல்நிலை தெரிந்துவிடும். மூக்கு பள்ளத்தைப் பார்த்தபடி, முன் சக்கரத்துக்குக் கல் அணை கொடுத்து நின்றால், அந்த வண்டிக்கு செல்ஃப் எடுப்பதில்லை. காலையில் கல்லை அகற்றி, இரண்டாம் கியரில் போட்டு, கிளட்சை மிதித்தபடி உருளவிட்டு, வேகம் பிடித்ததும் கிளட்சை விடுவார்கள், எஞ்சின் பிடித்துக்கொள்ளும். கோயம்புத்தூரில் செல்ஃப் எடுக்காத வண்டி அன்றைக்கே எலக்ட்ரீஷியன் கடைக்குப் போயாக வேண்டும். இங்கே அது மாதக்கணக்கில் ஓடும். மலையில் கைமாறும் பழைய வண்டிகளில் மின்கோளாறுகள் ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்து கிடப்பதற்கு இந்த இறக்கம்தான் காரணம் என்பது என் எண்ணம்.

நான் வாங்கிய பிக்கப்பும் பள்ளத்தைப் பார்த்துத்தான் நின்றிருந்தது. தரகர் கேட்பதற்கு முன்பே, "பேட்டரி மட்டும்தான் பழசு" என்றார். அதைச் சாக்காக வைத்துப் புதுப் பேட்டரியின் விலையையும் அதற்கு மேல் கொஞ்சத்தையும் குறைத்துக்கொண்டேன். பி.எஸ். 3 என்ற பழைய மாசு விதிக் காலத்து டீசல் வண்டி அது. டீசல் பம்ப் இயந்திர வகை, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி கிடையாது, ஒரே ஒரு 12 வோல்ட் பேட்டரி. கணினி இல்லாத வண்டியில் மின் அளவுகளைக் காட்டும் ஒரு மல்டிமீட்டரும் பொறுமையும் இருந்தால் எந்தக் கோளாறையும் தேடிப் பிடித்துவிடலாம். அதனாலேயே அதைத் தேர்ந்தெடுத்தேன்.

என் வேலை கேரட் ஏற்றுவது. கேத்தி பாலாடாப் பக்கம் விடிவதற்கு முன்பே தோட்டத்தில் கேரட் பிடுங்கத் தொடங்கிவிடுவார்கள். அதைக் கழுவும் இயந்திரத்துக்குக் கொண்டுபோய், கழுவி மூட்டை பிடித்து, மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறக்க வேண்டும். நேரம் தவறினால் விலை தவறும். அதாவது ஒரு நாளில் மிகக் குளிர்ந்த வேளையில்தான் என் வண்டி ஸ்டார்ட் ஆக வேண்டும். டிசம்பர், ஜனவரி மாதங்களில் தாழ்வான புல்வெளிகளெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். வெப்பம் பூஜ்யத்தை ஒட்டி இறங்கும்போது, ஈய அமில பேட்டரி தன் முழு இழுவைத் திறனில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைத்தான் தரும். எஞ்சின் ஆயில் கெட்டிப்பட்டுவிடுவதால் செல்ஃப் மோட்டாருக்குச் சுமையும் கூடுகிறது. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் நான்கில் மூன்று பங்குதான். மெல்லிய, குளிர்ந்த காற்றை அழுத்தி டீசல் பற்றும் அளவுக்குச் சூடேற்ற எஞ்சின் வேகமாகச் சுழல வேண்டும். பேட்டரி பலம் குறைகிற அதே நேரத்தில் எஞ்சின் கூடுதல் பலம் கேட்கிறது. மேட்டுப்பாளையத்தில் மதிய வெயிலில் ஒரே திருப்பில் பிடிக்கும் வண்டி இங்கே அதிகாலையில் முரண்டு பிடிப்பதற்கு இவ்வளவு காரணங்கள் உண்டு.

புதுப் பேட்டரி போட்டேன். பகலில் பிரமாதமாக எடுத்தது. முதல் உறைபனிக் காலையில் பழையபடி முனகியது.

இந்த முனகலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். செல்ஃப் எடுக்காதபோது வண்டி எழுப்பும் சத்தம்தான் முதல் துப்பு. சாவியைத் திருப்பியதும் 'டகடகடக' என்று வேகமாகத் தட்டினால், செல்ஃப் மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துவிடும் காந்த சுவிட்சான சோலனாய்டு இழுக்கிறது, இழுத்தவுடன் வோல்ட்டேஜ் விழுகிறது, விட்டுவிடுகிறது, மீண்டும் இழுக்கிறது என்று பொருள். பெரும்பாலும் பேட்டரி இறங்கியிருக்கும், அல்லது டெர்மினல் தளர்ந்திருக்கும். கனமாக ஒரே ஒரு 'டக்' மட்டும் கேட்டு அமைதியானால், சோலனாய்டு தன் வேலையைச் செய்துவிட்டது. அதன் உள்ளே உள்ள செம்புத் தொடுமுனை கருகியிருக்கலாம், மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். எந்தச் சத்தமும் இல்லை, ஆனால் டாஷ்போர்டு விளக்குகள் பளிச்சென்று எரிகின்றன என்றால், சோலனாய்டுக்குப் போகும் சிறு வயர், ரிலே, சாவி சுவிட்ச் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு செல்ஃப் அடித்துப் பார்ப்பது இன்னொரு வழி. ஒளி அடியோடு மங்கினால் மின்சாரத்துக்கு இழுபறி நடக்கிறது. கொஞ்சமும் மங்காவிட்டால் மின்சாரம் மோட்டாருக்குப் போகவே இல்லை. என் வண்டியோ இவற்றில் எதிலும் சேராமல், மெதுவாக அரைச் சுற்று சுற்றி, முனகி நின்றது.

பேட்டரி விற்றவர், பெரிய பேட்டரியாக மாற்றச் சொன்னார். குன்னூரில் ஓர் எலக்ட்ரீஷியன் இருக்கிறார். இந்த மலையில் லாரிகளின் கீழே படுத்தே தலை நரைத்தவர். அவர் பேட்டரியைத் தொடவே இல்லை. மீட்டரை எடுத்துப் பேட்டரியின் இரண்டு ஈயக் குமிழ்களிலும் வைத்தார்: 12.6 வோல்ட். முழு சார்ஜ் ஏறிய பேட்டரி ஓய்வில் காட்ட வேண்டிய அளவு அதுதான், 12.2 என்றால் பாதி, 12-க்குக் கீழே என்றால் கிட்டத்தட்டக் காலி. பிறகு செல்ஃப் அடிக்கச் சொன்னார்: 10.8. சாதாரண வெப்பத்தில் 9.6-க்குக் கீழே விழாத வரையில் பேட்டரியைக் குறை சொல்ல முடியாது. அடுத்து மீட்டரைச் செல்ஃப் மோட்டாரின் டெர்மினலிலும் அதன் உடம்பிலும் வைத்து அடித்தால், வெறும் 8.4 வோல்ட். "பேட்டரி கொடுக்கிறது தம்பி, மோட்டாருக்குப் போய்ச் சேரவில்லை" என்றார்.

வழியில் தொலைந்த அந்த 2.4 வோல்ட்டைத் தேடிய விதத்தை மட்டும் யாராவது கற்றுக்கொண்டால் போதும், தேவையில்லாமல் மாற்றப்படும் பேட்டரிகளில் பாதி மிஞ்சும். சிறிய டீசல் எஞ்சினின் செல்ஃப் மோட்டார் சுழலும்போது சுமார் 200 ஆம்பியர் இழுக்கும். அந்தப் பாதையில் ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலே 2 வோல்ட் அங்கேயே வெப்பமாகப் போய்விடும். சாதாரண மீட்டரை ஓம் அளவில் வைத்து வயரைச் சோதித்தால் இவ்வளவு சிறிய தடை தெரியாது. "வயர் நன்றாக இருக்கிறது" என்றே காட்டும். டெஸ்ட் லாம்ப்பும் ஏமாற்றும். கேபிளில் ஒரே ஓர் இழை மிஞ்சியிருந்தாலும் சின்ன பல்பு பளபளவென்று எரியும். ஆகவே செல்ஃப் மின்சாரம் இழுக்கும்போது வோல்ட் அளவில்தான் பார்க்க வேண்டும். மீட்டரின் ஒரு முனை பேட்டரியின் நெகட்டிவ் குமிழில், அதாவது அதைக் கவ்வியிருக்கும் கிளாம்ப்பில் அல்ல, ஈயக் குமிழிலேயே. மறுமுனை எஞ்சின் இரும்பில். செல்ஃப் அடிக்கும்போது 0.2 அல்லது 0.3-க்கு மேல் காட்டக் கூடாது. என் வண்டியில் 2.1 காட்டியது. பாசிட்டிவ் பக்கம் 0.3 தான், அங்கே 0.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். ஆக நோய் எர்த்தில், அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் இரும்புப் பாதையில்.

பிறகு முனையைப் படிப்படியாக நகர்த்தினோம். குமிழுக்கும் கிளாம்ப்புக்கும் இடையே எதுவும் இல்லை. கிளாம்ப்புக்கும் வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸுக்கும் இடையே சிறிதளவு. சேஸிஸுக்கும் எஞ்சினுக்கும் இடையே கிட்டத்தட்ட முழு இழப்பும். எஞ்சின் ரப்பர் கட்டைகளின் மேல் உட்கார்ந்திருப்பதால், சேஸிஸிலிருந்து கியர்பாக்ஸுக்கு ஒரு பின்னல் செம்புப் பட்டை போட்டிருப்பார்கள். வண்டியைப் பார்வைக்கு எடுப்பாக்க அடிப்பாகம் முழுவதும் கறுப்புப் பெயிண்ட் அடித்து விற்றிருந்தார்கள்; பட்டையின் போல்ட் அந்தப் பெயிண்டின் மேலேயே முறுக்கப்பட்டிருந்தது. பட்டையைக் கழற்றி விரலால் பிரித்தால், பின்னலுக்குள் பச்சைக் களிம்பு பொடிப்பொடியாக உதிர்ந்தது. குன்னூர், கோத்தகிரி மூடுபனி அப்படிப்பட்டது; மழை பெய்யாத நாளிலும் செம்பு நனைந்தே இருக்கும். ஆக்சிலரேட்டர் கேபிளின் மேலுறை ஓரிடத்தில் உருகியிருந்ததன் காரணமும் அப்போதுதான் விளங்கியது. எர்த் பட்டை வழி அடைபட்டால் மின்சாரம் கிடைத்த இரும்பு வழியாகவெல்லாம் திரும்பப் பார்க்கும். ஆக்சிலரேட்டர், கிளட்ச் கேபிள்கள் சூடேறும். செல்ஃப் அடித்த கையோடு இந்தக் கேபிள்களைத் தொட்டுப் பார்த்து வெதுவெதுப்பாக இருந்தால், மீட்டரே வேண்டாம்.

உலோகம் மின்னும் வரை சுரண்டி, புதுப் பட்டை போட்டு, பல் வாஷர் வைத்து இறுக்கி, அதற்குப் பிறகு மேலே கிரீஸ் பூசினார். கூடவே பேட்டரி நெகட்டிவிலிருந்து எஞ்சின் போல்ட்டுக்கு நேரடியாக இன்னொரு தடித்த கேபிளும் இழுத்தார். இழப்பு 0.2-க்கு இறங்கியது. செலவு, அந்தப் பெரிய பேட்டரியின் விலையில் ஒரு மூலைக்குக்கூட வராது. நடுவழியில் மீட்டர் இல்லாதவர்கள் ஜம்பர் கேபிளின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை எஞ்சின் இரும்பிலும் மாட்டிச் செல்ஃப் அடித்துப் பார்க்கலாம். சட்டென்று வேகமாகச் சுற்றினால் எர்த்தில்தான் கோளாறு. எந்தச் சோதனையானாலும் செல்ஃபைத் தொடர்ந்து பத்து விநாடிக்கு மேல் அடிக்கக் கூடாது; இடையில் மோட்டார் ஆற வேண்டும்.

இப்போது எஞ்சின் வேகமாகச் சுற்றியது, ஆனால் பனிக் காலையில் உடனே பிடிக்கவில்லை. வெள்ளைப் புகையைக் கக்கி, உடம்பெல்லாம் குலுங்கி, பிறகுதான் ஓடத் தொடங்கியது. மதியத்தில் அந்தப் புகை இல்லை. இதற்கு, ஸ்டார்ட் ஆகும்போது எஞ்சினின் உட்புறத்தைச் சூடேற்றும் ஹீட்டர் பிளக்கைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். நான்கையும் இணைக்கும் தகட்டைக் கழற்றிவிட்டு, பேட்டரி பாசிட்டிவிலிருந்து டெஸ்ட் லாம்ப்பை ஒவ்வொரு பிளக்கிலும் வைத்துப் பார்த்தால், எரிந்தால் உயிருண்டு, எரியாவிட்டால் செத்தது. இரண்டு செத்திருந்தன. மாற்றியதும் தீர்ந்தது. சிலர் காற்றை இழுக்கும் குழாயின் வாயில் எரியும் துணியைக் காட்டுவதையும், ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடிப்பதையும் பார்த்திருக்கிறேன். ஹீட்டர் பிளக் உள்ள எஞ்சினில் அந்த ஸ்பிரேயை அடிப்பது கைவெடியைப் பற்றவைப்பதற்குச் சமம்.

அடுத்தது திங்கட்கிழமை நோய். ஞாயிறு வண்டி எடுக்காத வாரங்களில் திங்கள் அதிகாலையில் மட்டும் தடுமாறும். எதுவோ சும்மா நிற்கும்போது பேட்டரியை உறிஞ்சுகிறது. சாவியை எடுத்து, கதவைச் சாத்தி, நெகட்டிவ் கிளாம்ப்பைக் கழற்றி, குமிழுக்கும் கிளாம்ப்புக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் துளையில் இணைத்துப் பார்க்க வேண்டும். அந்த நிலையில் யாராவது செல்ஃப் அடித்தால் மீட்டர் போய்விடும், கவனம். 0.05 ஆம்பியர் வரை கவலைப்படத் தேவையில்லை. எனக்கு 0.4 காட்டியது. சனி மாலை முதல் திங்கள் அதிகாலை வரை கணக்குப் போட்டால் சுமார் 14 ஆம்பியர் மணி. குளிரில் ஏற்கெனவே தளர்ந்த பேட்டரிக்கு அது பெரிய இழப்பு. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினோம். எதைப் பிடுங்கியும் அளவு குறையவில்லை. அப்படியானால் உறிஞ்சுகிற பொருள் ஃபியூஸ் பெட்டிக்கு வெளியே, நேராகப் பேட்டரியிலிருந்து இணைக்கப்பட்டிருக்கிறது. இன்சுலேஷன் டேப் சுற்றிய ஒட்டு வயரைப் பிடித்துக்கொண்டே போனால், ஒரு கிளை பழைய பாட்டுப் பெட்டிக்கும் இன்னொன்று இருக்கைக்குப் பின்னே ஒளித்துவைத்திருந்த ஒரு ஜி.பி.எஸ். கருவிக்கும் போனது. கடன் பாக்கி உள்ள வண்டிகளில் இப்படிப் பொருத்துவது வழக்கம். கடன் தீர்ந்த பிறகும் யாரும் கழற்ற மெனக்கெடுவதில்லை.

இவ்வளவும் முடிந்த பிறகு டாஷ்போர்டின் பேட்டரி விளக்குக்கு வந்தோம். சாவியைத் திருப்பியதும் அது எரிய வேண்டும், எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். என் வண்டியில் அது எரிந்ததே இல்லை. பிரித்துப் பார்த்தால் பல்பு இருக்க வேண்டிய குழி காலி. இந்த விளக்கு வெறும் எச்சரிக்கைக்காக மட்டும் இருப்பதல்ல. எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுவது டைனமோ. இந்த வகை டைனமோவில் சுழலும் பகுதியை முதலில் காந்தமாக்குவதே இந்த பல்பின் வழியாகப் போகும் சிறு மின்சாரம்தான். பல்பு இல்லாவிட்டால், எஞ்சினை நன்றாக முறுக்கும் வரை டைனமோ விழித்துக்கொள்ளாது. தோட்டத்துக்குத் தோட்டம் நிறுத்தி, மூட்டை ஏற்றி, மறுபடி செல்ஃப் அடித்து, கொஞ்ச தூரம் ஊர்ந்து போகும் வேலையில் பேட்டரி கொடுத்ததைத் திரும்பப் பெறவே இல்லை.

புது பல்பு போட்டோம். எஞ்சின் ஓடும்போதும் அது அணையாமல் மங்கலாக எரிந்துகொண்டே இருந்தது. டைனமோ சரியாக சார்ஜ் ஏற்றவில்லை என்பதற்கு அது அடையாளம். முன்னாளில் யாரோ பல்பைக் கழற்றியது ஏன் என்று எலக்ட்ரீஷியன் அண்ணன் சிரித்துக்கொண்டே விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஹெட்லைட், வைப்பர், எல்லாம் போட்ட நிலையில் பேட்டரியில் 12.9 வோல்ட்தான் வந்தது. 13.8-க்கும் 14.5-க்கும் நடுவே இருக்க வேண்டும். டைனமோவை இறக்கினால் உள்ளே எஞ்சின் ஆயில் நனைத்திருந்தது. கார்பன் பிரஷ் கறுப்புக் குழம்பில் ஊறியிருந்தது. ஆயில் எப்படி வந்தது? சிறிய டீசல் வண்டிகள் பலவற்றில் பிரேக் மிதியை இலகுவாக்கும் பூஸ்டருக்குக் காற்றை உறிஞ்சி வெற்றிடம் உண்டாக்கும் வேக்குவம் பம்ப் டைனமோவின் முதுகிலேயே பொருத்தப்பட்டு, அதே தண்டில் சுழலும். அந்தப் பம்ப்புக்கு எஞ்சினிலிருந்து ஆயில் வருகிறது. நடுவே உள்ள சீல் தேய்ந்தால் ஆயில் டைனமோவுக்குள் இறங்கும். பிரஷ்ஷை மட்டும் மாற்றிக்கொடுக்கும் கடைகள் உண்டு. சீலை மாற்றாமல் பிரஷ் மாற்றினால் கொஞ்ச நாளில் திரும்பிப் போக வேண்டியதுதான். சீல், பிரஷ், பேரிங் மூன்றையும் மாற்றிப் பூட்டியதும் 14.2 வந்தது.

இந்த ஒரு விஷயம் தெரிந்த பிறகு, உருட்டி ஸ்டார்ட் செய்வதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. குன்னூருக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் இடையே 14 கொண்டை ஊசி வளைவுகள். மூட்டைப் பாரத்தோடு இரண்டாம் கியரில் எஞ்சினின் பிடிமானத்தில்தான் இறங்குகிறோம். டைனமோ பெல்ட் அறுந்தால் சார்ஜ் மட்டும் நிற்பதில்லை. இந்த அமைப்புள்ள வண்டியில் பிரேக் பூஸ்டரின் உதவியும் போய்விடுகிறது. ஓரிரு முறை மிதிக்கும் அளவுக்கு வேக்குவம் மிஞ்சியிருக்கும், அதற்கு மேல் மிதி கல்லாகிவிடும். அதிகாலையில் எஞ்சின் ஓடாத வண்டியை இறக்கத்தில் உருட்டுகிறபோது நிலைமை இதேதான்: இரவு முழுவதும் நின்றதில் வேக்குவம் கசிந்திருக்கலாம், பவர் ஸ்டியரிங்கும் உதவாது. பேட்டரி அடியோடு இறங்கியிருந்தால் இன்னொரு வேடிக்கையும் உண்டு. இந்தப் பம்ப்புகளில் டீசலைத் திறந்துவிடும் ஸ்டாப் சோலனாய்டுக்கு மின்சாரம் வேண்டும். அது திறக்காவிட்டால் எவ்வளவு வேகத்தில் உருட்டினாலும் எஞ்சின் பிடிக்காது; இறக்கம் தீர்ந்த இடத்தில், மறுபடி உருட்ட மேடும் இல்லாமல் நிற்க வேண்டியதுதான். ஆகவே பெல்ட்டை மாதம் ஒருமுறை விரலால் அழுத்திப் பார்க்கிறேன், வெடிப்பு உண்டா என்று உள்பக்கத்தைத் தடவிப் பார்க்கிறேன், இருக்கைக்கு அடியில் உபரி பெல்ட் ஒன்று இருக்கிறது.

வழியில் நின்றுபோனால் ஜம்பர் போட்டுக்கொள்ளலாம், ஆனால் எந்த வண்டியிலிருந்து என்பது முக்கியம். பின்னிரவில் இந்தச் சாலையில் உதவிக்கு நிற்பது பெரும்பாலும் பெரிய லாரிதான். பெரிய லாரிகளிலும் பஸ்களிலும் இரண்டு பேட்டரிகளை வரிசையில் இணைத்து 24 வோல்ட் வைத்திருப்பார்கள். அதை 12 வோல்ட் வண்டிக்கு மாட்டினால் பல்புகளும் ரிலேக்களும் டைனமோவும் போய்விடும். நல்ல மனதோடு உதவ வரும் டிரைவரிடம், "வேண்டாம் அண்ணா, உங்களுடையது 24" என்று சொல்லத்தான் வேண்டும். இன்னொரு பிக்கப்போ காரோ கிடைத்தால், பாசிட்டிவுக்குப் பாசிட்டிவ் முதலில். பிறகு நல்ல பேட்டரியின் நெகட்டிவ். கடைசி முனையை நின்றுபோன வண்டியின் பேட்டரியில் மாட்டாமல், தள்ளியிருக்கும் எஞ்சின் இரும்பில். சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கிளம்பும், கடைசி இணைப்பில் பொறி பறக்கும்; இரண்டும் ஒரே இடத்தில் சந்திக்கக் கூடாது.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்களுக்கு: காலையிலேயே போங்கள், முன்கூட்டி ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று சொல்லிவையுங்கள், போனதும் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தச் சொல்லிச் செல்ஃப் அடியுங்கள். சாவியைத் திருப்பியதும் பேட்டரி விளக்கும் ஆயில் விளக்கும் எரிகின்றனவா என்று பாருங்கள். ஃபியூஸ் பெட்டியைத் திறந்து, ஃபியூஸுக்குப் பதிலாக வயர் துண்டோ சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளோ செருகியிருந்தால், எந்த ஃபியூஸின் இடம் அது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தச் சுற்றில் எங்கோ ஒரு வயர் உராய்ந்து இரும்பைத் தொடுகிறதாக இருக்கலாம். விலை பேசும்போது அதுவும் உதவும்.